தண்ணியால் வந்தது

அன்புள்ள மதினி,

போன வாரம் தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில் மல்லாந்து படுத்திருந்தேன். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஜெல்லை என் வயிற்றின் மேல் பிதுக்கிவிட்டாள். சில்லென்று அது விலாவுக்குக் கீழே பரவியதும் எனக்குக் கல்லும் மறந்துபோனது, காலையிலிருந்து பட்டினி கிடந்ததும் மறந்துபோனது. மதுரையில் ஓர் இருட்டறையில் நீங்கள் இதேபோல் படுத்திருந்ததும், "யாத்தே, ஐஸா இருக்கு" என்று என் விரல்களை நெரித்ததும்தான் நினைவுக்கு வந்தன. நினைவு வந்த கையோடு கோபமும் வந்தது. அந்தப் பெண் கருவியை எடுத்துவிட்டு, "ஏன் பாட்டி இப்படிப் படபடன்னு இருக்கீக, வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் பிறப்பதற்கு முன்னால் வந்த கோபம் அது, அவளிடம் எங்கிருந்து தொடங்குவது?

உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு நாளும் நீங்கள் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

தேவதானப்பட்டியிலிருந்து எங்கள் போடி வீட்டுக்கு நீங்கள் மருமகளாக வந்தபோது நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் ஆனேன். அண்ணனுக்குக் கடைவீதியில் ஏலக்காய் கமிஷன் கடை. நீங்கள் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே சபையில் உங்களைப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் குரல் மேலே ஏறும்போது ஆர்மோனியக்காரர் தன் வாசிப்பைத் தணித்துக்கொண்டு உங்களைக் கேட்பார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் உங்கள் வகுப்புக்குத்தான் ஓடுவார்கள். எஸ்தரும் அவளுக்கு அடுத்தவளும் பிறந்த பிறகும் நீங்கள் ஒரு பாடல் பயிற்சியையும் விட்டதில்லை.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சபையில் காணிக்கைத் தட்டு எடுப்பவர் அவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பணிவான நடை. சரக்கு வாங்கக் குமுளிக்கும் நெடுங்கண்டத்துக்கும் போய்த் திரும்பும் நாட்களில் மட்டும் அவர் நேரே வீட்டுக்குள் வரமாட்டார். கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில் படுத்துவிடுவார். ஏலக்காய் மூட்டைகளின் வாசனை எவ்வளவு இருந்தாலும் பிராந்தி வாடையை அது மறைப்பதில்லை. பிள்ளைகளிடம் "அப்பாவுக்குத் தலவலி, சத்தம் போடாதீக" என்று சொல்லிவிட்டு நீங்கள் சோற்றை மூடி எடுத்துக்கொண்டு போவீர்கள். இது தெரிந்தவர்கள் ஊரிலேயே நீங்களும் நானும்தான். ஒரு தடவை நான் அவரிடம் பேசப் போனபோது நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். ரெண்டு பொட்டப்பிள்ளைகளின் பேர் இருக்கிறது என்றீர்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆடிக்காற்று முடிந்த சமயம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் குளிர் தூக்கிப் போடும். கம்பளியைப் போர்த்தி அதன் மேல் நான் படுத்துக்கொள்வேன். விடிந்தால் வியர்த்து விட்டுப்போகும், நீங்கள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுவீர்கள். வலது தோளில் ஒரு குத்தல் இருக்கிறது என்றீர்கள். தண்ணீர்க் குடம் தூக்கியதால் இருக்கும் என்று நீங்களே காரணமும் சொல்லிக்கொண்டீர்கள். பிறகு வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. இருமினால் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். கடைவீதி டாக்டர் முதலில் மலேரியா என்று மாத்திரை கொடுத்தார். அடுத்து டைபாய்டு என்று ஊசி போட்டார். ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகும் அளவுக்கு நீங்கள் இளைத்த பிறகுதான் அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

அந்தச் சாயங்காலத்தை நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன்! நீங்கள் அந்த உயரமான மேசையில் படுத்திருந்தீர்கள். தலைமாட்டில் அண்ணன். கதவோரம் நான். வெளியே பெஞ்சில் சபை மூப்பரின் மனைவி தன் ரத்தக்கொதிப்பைப் பார்க்கக் காத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு துணித் திரைதான். டாக்டர் உங்கள் வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தியதும் நீங்கள் அலறிவிட்டீர்கள். அவர் கையை எடுத்தார். உங்களைப் பார்க்கவில்லை. உங்களுக்கு மேலாக அண்ணனைப் பார்த்து, "ஈரல் வீங்கியிருக்கு. குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு ஆம்பிளை தலையைக் குனிந்தார், அதுவே உங்களைப் பற்றிய பதில் ஆகிவிட்டது. நீங்கள் "டாக்டர்..." என்று தொடங்கினீர்கள். பேசாமல் படுங்கள் என்று அவர் கையைக் காட்டினார். நான் உள்ளே வந்து, அவுக குடிக்க மாட்டாக என்று சொன்னேன். அவர் சிரித்தார் மதினி. "வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீக" என்று சொல்லிவிட்டுக் கம்பவுண்டரிடம் எல்லோருக்கும் கேட்கிற குரலில், குடியால் கெட்ட ஈரல், டானிக் எடுத்துக் கொடு என்றார். நாக்கு உங்கள் வாயில்தான் இருந்தது, வலி உங்கள் உடம்பில்தான் இருந்தது. ஆனால் உங்களைக் கேட்க வேண்டும் என்று அந்தப் படித்த மனிதருக்குத் தோன்றவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு நாம் வெளியே வந்தபோது மூப்பரின் மனைவி நமக்கு வழிவிட்டு எழுந்து நின்றார். நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

டானிக்கைக் குடித்தீர்கள். காய்ச்சல் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு நடத்துகிறவர் வீட்டுக்கு வந்து, உடம்பு தேறுகிற வரைக்கும் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப்போனார். ஞாயிறு பள்ளி வகுப்பை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள், அதைச் சொல்லவும் ஆள் வரவில்லை. எஸ்தர்தான் வந்து, "அம்மா, இன்னைக்கு வேற டீச்சர்" என்றாள். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க நினைத்தீர்கள். வலியில் திரும்ப முடியவில்லை. அப்படியே முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள்.

எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் தம்பிக்கு இதேபோல் காய்ச்சலும் தோள்வலியும் வந்து, மதுரையில் ஸ்கேன் என்று ஒரு மெஷினில் பார்த்துக் குணமாக்கினார்கள் என்று அவள் சொன்னாள். நான் லீவு எழுதிக் கொடுத்தேன். அண்ணன், கடைக்கு நெடுங்கண்டத்துச் சரக்கு வருகிற வாரம் என்றார். சரக்கு வரட்டும், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். உசிலம்பட்டி தாண்டுகிற வரை ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் குதிக்கும்போது நீங்கள் விலாவைக் கையால் தாங்கிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தீர்கள். ஒரு வார்த்தை முனகவில்லை. எனக்கு நன்றாக முனகலாமே என்று இருந்தது.

மதுரையில் பெரிய டாக்டர் உங்களைப் பார்த்ததுமே அட்மிஷன் போட்டுவிட்டார். ஈரலில் சீழ் கட்டியிருக்கலாம் என்றார். முன்பென்றால் வயிற்றைத் திறந்துதான் எடுப்பார்களாம், பாதிப் பேர் தாங்கமாட்டார்களாம். இப்போது உள்ளே பார்த்துக்கொண்டே ஊசியால் எடுக்கலாம் என்று சொல்லிக் கீழே அனுப்பினார்.

அந்த அறை உங்களுக்கு நினைவிருக்கும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ஒரு சின்ன டிவி மாதிரிப் பெட்டி, அதில் மழை பெய்வது போலச் சாம்பல் புள்ளிகள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா என்னை வெளியே போகச் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்றார். ஜெல்லைத் தடவிக் கருவியை உங்கள் விலாவுக்கு இடையில் வைத்துச் சாய்த்ததும், சாம்பல் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பள்ளம் தெரிந்தது. நார்த்தங்காய் அளவு. எனக்கு அதைக் காட்டி, "இதான் உங்க அக்காவோட வலி" என்றார். அக்கா இல்லை, மதினி என்று நான் திருத்தவில்லை.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிது. உங்கள் முகத்துக்கு நேரே குனிந்து, உங்களிடம் கேட்டார். எந்த ஊர், வயிற்றுப்போக்கு இருந்ததா, குடிக்கிற தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், கொதிக்கவைப்பது உண்டா, மது குடிப்பது உண்டா என்று எல்லாவற்றையும் ஒரே குரலில் கேட்டார். நீங்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னீர்கள். கடைசிக் கேள்விக்கு "இல்ல டாக்டர்" என்றீர்கள். சரி என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார். உங்கள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அத்தனை நாள் காய்ச்சலில் நீங்கள் அழுததை அப்போதுதான் பார்த்தேன். நம்ப வேண்டிய ஒருவர் நம்பியதற்கே அழ வேண்டியிருந்தது என்றால் ஊர் உங்களை எந்த இடத்தில் வைத்திருந்தது என்று பாருங்கள்.

தோலை மரத்துப்போகச் செய்ய ஒரு ஊசி. பிறகு நீளமான ஒன்று. மூச்சை இழுத்துப் பிடியுங்கள், நான் சொல்லும்வரை விடக் கூடாது என்றார் டாக்டரம்மா. பாடிப் பழகிய மூச்சு அது. மழைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு மெல்ல இறங்கிக் கறுப்புப் பள்ளத்தின் ஓரத்தைத் தொட்டு உள்ளே போவதை நான் கண்ணால் பார்த்தேன். உங்கள் உடம்பு அசையவே இல்லை. "இவ்வளவு நேரம் யாரும் பிடிச்சதில்லம்மா, மெதுவா விடுங்க" என்றார் அவர். சிரிஞ்சுக்குள் கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஏறியது. நாற்றம் இல்லை. நிரம்ப நிரம்ப ஒரு கிண்ணத்தில் விட்டுவிட்டு மறுபடி இழுத்தார். பெட்டியில் அந்தப் பள்ளம் சுருங்கிக்கொண்டே வந்தது. மிச்சம் வடிவதற்கு ஒரு மெல்லிய குழாயை வைத்து விலாவில் ஒட்டினார்கள். அன்று சாயங்காலம் உங்களுக்குக் குளிர் வரவில்லை. நான் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன், வரவேயில்லை.

குழாயை எடுக்கிற நாளன்று அண்ணன் வந்து சேர்ந்தார். டாக்டரம்மா நம் மூவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். கழிவு கலந்த தண்ணீரிலிருந்து ஒரு கிருமி குடலுக்குள் போய் அங்கிருந்து ஈரலுக்கு ஏறியிருக்கிறது. "குடிக்கிறவங்களுக்கு இது அதிகமா வரும். அதுக்காக வந்தவங்க எல்லாம் குடிக்கிறவங்கன்னு அர்த்தம் இல்ல. இவங்களுக்கு வந்தது தண்ணியால." அண்ணன் பெரிதாகத் தலையாட்டினார். வாயில் இரும்பு கசக்கிற மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பினார்கள். சோறும் இரும்பு, காபியும் இரும்பு என்று நீங்கள் சிரித்ததைக் கேட்க எவ்வளவு நாள் ஆகியிருந்தது.

ஊருக்கு வந்தோம். கடையில் நலம் விசாரித்தவர்களிடம் அண்ணன் ஒரே பதிலைச் சொன்னார். "தண்ணியாலதான் வந்துச்சுன்னு மதுரை டாக்டரே சொல்லிட்டாக." கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் ஊரில் தண்ணி என்றால் என்ன அர்த்தம் என்று அண்ணனுக்குத் தெரியாதா? குடிதண்ணீர், குழாய்த் தண்ணீர் என்று ஒரு சொல் கூட்டிச் சொன்னால் வாய் வலித்திருக்குமா?

ரெண்டு நாள் கழித்து எக்ஸ்சேஞ்சில் தேனிக்கு ஒரு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தேன். மூப்பரின் மனைவி தன் தங்கையிடம் பேசினார். லைன் சேர்ந்ததா என்று பார்க்கக் காதில் வைத்த கருவியில் முதலில் விழுந்ததே நம் வீட்டுச் செய்திதான். மதுரை வரைக்கும் போய்ப் பார்த்துட்டாகளாம், தண்ணியாலதான்னு டாக்டரே சொல்லிட்டாராம், புருசனே வாயால ஒத்துக்கிட்டாராம், பொம்பள பாருடி. வாயைத் திறந்தால் வேலை போய்விடும். மூன்று நிமிடம் ஆனதும் இன்னொரு மூன்று நிமிடம் கேட்டார். லைன் காலி இல்லை என்று சொல்லித் துண்டித்துவிட்டேன். லைன் காலியாகத்தான் இருந்தது. அந்தப் பொய்க்காக நான் ஒரு நாளும் ஜெபம் பண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து நேரே அண்ணனிடம் போனேன். அன்றைக்கு டாக்டர் கேட்டபோது ஏன் தலையைக் குனிந்தாய் என்று கேட்டேன். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னையக் கேக்குறாருன்னு நெனைச்சேன்" என்றார்.

உண்மையாகத்தான் இருக்கும். அந்த ஒரு நொடிக்கு அது உண்மை. அதன் பிறகு வந்த நாட்களுக்கு? அதைக் கேட்பதற்குள் நீங்கள் அடுப்படியிலிருந்து வந்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். உங்களுக்கு முதலிலேயே தெரியும். மேசையில் படுத்திருந்தபடியே அவர் எதற்குத் தலை குனிந்தார் என்று புரிந்துகொண்டிருக்கிறீர்கள். "அவுக பேரு வெளிய வந்தா கடை போயிரும் ஆத்தா, பிள்ளைக பேரும் போயிரும். ஏம் பேரு போனா என்னோட போகுது. நீ யாருட்டயும் சொல்லக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன்.

அடுத்தது மூப்பரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கர்த்தர் பெரிய விடுதலை கொடுத்திருக்கிறார் என்று மூப்பர் தொடங்கினார். அந்த விடுதலையைச் சபையில் எழுந்து சாட்சியாகச் சொன்னால் பலருக்குப் பிரயோசனமாக இருக்கும், அப்புறம் பாடகர் குழுவில் சேர்ந்துகொள்ளலாம், போதகர் ஐயரிடமும் பேசிவிட்டேன் என்றார். குடியிலிருந்து திருந்தியதாக நீங்கள் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமாம். அண்ணன் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமலே, "சரிங்க. சாட்சி சொல்றேன்" என்றீர்கள். அவர்கள் போன பிறகு உங்களோடு நான் பேசவில்லை.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டுத் தெருக்கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நகராட்சிக் குழாய் சாக்கடைக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறுகிற இடம். இணைப்பில் விரிசல் விட்டு, அதில் யாரோ கோணித்துணியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். துணிக்கு மேலே சாக்கடை ஓடியது. தெரு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் பிடித்தோம், மூப்பர் வீடும் சேர்த்து. பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் உங்களை அழைத்தார். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் எழுந்து முன்னால் போனீர்கள். இன்னும் முழுதாகத் தேறாத உடம்பு, பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆம்பிளைகள் உட்காரும் பக்கத்தில் அண்ணன் தன் மடியில் இருந்த வேதாகமத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் குடிச்சது உண்மைதான்" என்றீர்கள்.

மூப்பர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் என்றார்.

"நம்ம தெருக்கடைசிக் குழாய்த் தண்ணியக் குடிச்சேன். அந்தக் குழாய் சாக்கடைக்குள்ள ஓடுது. ஒடஞ்ச எடத்துல கோணிய சுத்தி வச்சிருக்காக. போய்ப் பாருங்க. அந்தத் தண்ணிதான் என் ஈரல்ல சீழாச்சு. உங்க வீட்டுப் பிள்ளைகளும் அதத்தான் குடிக்கிதுக. கொதிக்க வச்சுக் குடுங்க. வேற எதையும் நான் என் வாழ்நாள்ல குடிச்சதில்ல. இதான் என் சாட்சி."

சொல்லிவிட்டு மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஐயர் அவசரமாக ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார். குழு பாதிக் குரலில் தொடங்கியது. எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. குடிக்கிறவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று விரலை நீட்ட வேண்டும் போல இருந்தது. நீங்கள் வாங்கிய சத்தியம் என்னை உட்கார வைத்தது.

வெளியே வந்ததும் ரெண்டு மூன்று பெண்கள் உங்களிடம் வந்து எவ்வளவு நேரம் கொதிக்கவைக்க வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் செருப்பைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். குழாயை யாரும் போய்ப் பார்க்கவில்லை. நான் நகராட்சிக்கு மனுக் கொடுத்தேன். பார்ப்போம் என்றார்கள்.

மறு வருஷம் மழைக்குப் பிறகு மூப்பருக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலக் குளிர், வலது தோளில் குத்தல். அதே டாக்டர், அதே மேசை. ஈரல் வீங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஆனால் மதினி, மூப்பரின் தலைக்கு மேலாக அவர் மனைவியைப் பார்த்து அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. கெட்ட தண்ணியால் வருவது, உடனே மதுரைக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு வருஷத்தில் அந்த டாக்டருக்கு அறிவு வந்துவிட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். படுத்திருந்தவர் வேட்டி கட்டியிருந்தார் என்று நான் சொன்னேன். சபை முழுக்க அவருக்காக உபவாச ஜெபம் நடந்தது. அவருக்கும் தண்ணிதான் காரணம் என்று ஊரே பேசியது. அந்தத் தண்ணிக்கு யாரும் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளவில்லை.

அதைவிட என்னை எரிய வைத்தது நீங்கள் செய்த காரியம். மதுரைக்கு அவர்கள் கிளம்பும் முன் நீங்களே அந்த வீட்டுக்குப் போனீர்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், தெருவில் நின்றேன். உள்ளே நீங்கள் அந்த அம்மாவிடம் பேசுவது கேட்டது. ஊசி போடும்போது மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டும், குழாய் வைத்தால் எந்தப் பக்கம் படுக்க வேண்டும், மாத்திரையால் வாய் கசக்கும், பயப்பட வேண்டாம். அவர் பிழைத்து வந்தார். வந்து நகராட்சியில் ஒரு புகார் கொடுத்தார், ஆட்கள் வந்து புதுக் குழாய் போட்டுப் போனார்கள். ஸ்தோத்திர ஆராதனையில் எல்லாருக்கும் நன்றி சொன்னார். உங்கள் பெயர் அதில் இல்லை. கொஞ்ச நாளில், நடுவில் ஒன்றுமே நடக்காதது போலப் பாடகர் குழுவுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நீங்களும் போனீர்கள்.

எப்படிப் போக மனசு வந்தது என்று கேட்டேன். "பாட்டு என்ன அவுக வீட்டுச் சொத்தா?" என்றீர்கள். அவர்களை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, "விடு ஆத்தா, சோறு வடிக்கணும்" என்று எழுந்து போய்விட்டீர்கள். அண்ணன் குடியை விட்டது அதற்கும் பல வருஷம் கழித்து, சர்க்கரை வியாதி வந்து டாக்டர் மிரட்டியதால். உங்களுக்காக விடவில்லை. இதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அவர் போனபோது நீங்கள் அழுதீர்கள், நானும் அழுதேன். அழுதுகொண்டே கோபமாகவும் இருக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த மழைக்கு முன்னால் நீங்களும் போய்விட்டீர்கள். முதுமைதான், ஈரலுக்கு ஒரு குறையும் இல்லை. சபையே திரண்டு வந்து பாடியது. அடக்கம் முடிந்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, மூப்பரின் மருமகள், நல்ல பெண்தான், கெட்ட எண்ணமே கிடையாது, பக்கத்தில் இருந்தவர்களிடம் உங்களைப் புகழ்ந்து பேசினாள். "அந்தக் காலத்துல அவுகளுக்குக் கொஞ்சம் பழக்கம் இருந்துச்சாம். எங்க மாமா போய்ப் பேசி, சபையில எந்திரிச்சுச் சாட்சி சொல்லித் திருந்துனாகளாம். அதுக்கப்புறம் எவ்வளவு அழகா வாழ்ந்தாக."

அவ்வளவு தெளிவாகச் சொன்னீர்களே மதினி. தேறாத உடம்போடு நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னீர்களே. அந்தச் சாட்சியையே உங்களுக்கு எதிரான சாட்சியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுந்தேன். நீங்கள் குடித்தது குழாய்த் தண்ணீர் என்றும், அந்தப் பெண்ணின் மாமாவுக்கும் அதே நோய்தான் வந்தது என்றும், அவரை மட்டும் யாரும் குடிகாரர் என்று சொல்லவில்லை என்றும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அப்படியென்றால் அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று ஒரு அம்மா கேட்டார். அங்கே என் வாய் நின்றது. உங்களுக்குக் கொடுத்த வாக்கு.

எஸ்தர் காபித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அவளுக்கே இப்போது பேத்தி இருக்கிறது. தட்டை வைத்துவிட்டு, "குடிச்சது எங்கப்பா" என்றாள். குரல் உயரவில்லை. "நாங்க சின்னப்பிள்ளைகளா இருந்தப்பவே எங்களுக்குத் தெரியும். குடோன்ல பாட்டிலப் பாத்திருக்கோம். எங்கம்மா ஒரு நாளும் குடிச்சதில்ல. காபிய எடுத்துக்கங்கக்கா, ஆறிரும்."

யாருக்காக நீங்கள் அத்தனை வருஷம் அந்தப் பெயரைச் சுமந்தீர்களோ, அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. நீங்கள் மறைப்பது அவளுக்குத் தெரியும் என்பதை உங்களிடமிருந்து அவளும் மறைத்திருக்கிறாள். உங்கள் மகள்தானே.

அடுப்படியில் அவளிடம், ஏண்டி இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மா வேணாம்னு சொல்லுவாக அத்தை" என்றாள். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தோம். பிறகு அவள் என்னைப் பார்த்து, எனக்கு இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். தனக்கும் இருக்கிறது என்றாள்.

உங்கள் பிள்ளை உங்கள் பேச்சை மீறிவிட்டாள் மதினி. கோபித்துக்கொள்வதென்றால் அவளிடம் கோபித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வராத கோபத்தை இவ்வளவு காலம் உங்களுக்காக நான் வைத்துக்கொண்டிருந்தேன், இனியும் வைத்துக்கொள்வேன். நம் தெருப் பெண்கள் யாராவது டாக்டரிடம் போகத் துணைக்குக் கூப்பிட்டால் இந்த வயதிலும் கம்பை ஊன்றிக்கொண்டு போகிறேன். டாக்டர் பக்கத்தில் நிற்கும் ஆம்பிளையைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினால், "படுத்திருக்கவுகளக் கேளுங்க டாக்டர், அவுகளுக்கு வாய் இருக்கு" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள். சிலர் திரும்பிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும்வரை நான் நகர்வதில்லை.

உங்கள் நாத்தனார்